கம்ப்யூட்டருக்கு ஒரு பொன்னாடை

1

சில வாரங்களுக்கு முன் ஆம்பூரில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த நேரத்தில் நான் ஜெர்மனியில், எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஆண்டு விழா. ஒரு நாவலைப் பற்றிப் பேசி நான் அனுப்பியிருந்த வீடியோவை மேடையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் போட்டிருக்கிறார்கள். பேச்சு முடிந்து நான் திரையில் வணக்கம் சொல்லும் நேரம் பார்த்து, வட்டத்தின் இப்போதைய செயலாளர் பிரவீன் மேடை ஏறினார். "கடல் கடந்தும் தமிழை மறவாத அண்ணன் ஜமீல் அவர்களுக்கு" என்று மைக்கில் அறிவித்தார். சரிகைச் சால்வை ஒன்றை விரித்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினார். சால்வை நழுவி என் முகத்தை மூடியது. அவர் அதை ஒதுக்கி, என் முகம் தெரிகிற மாதிரி சரிசெய்து, மறுபடி போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. அத்தனையையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றி எனக்கும் அனுப்பியிருந்தார்கள்.

என் மனைவி ஜுபைதா பின்னால் நின்று பார்த்தாள். "மாலை ஒன்றுதான் குறைச்சல்" என்றாள், உருதுவில். எங்கள் வீட்டுப் பேச்சு உருதுதான். படிப்பதும் எழுதுவதும் தமிழ். ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வரிசையில் என் பழைய நண்பன் சேகர் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். பிரவீனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நான் ஊரைவிட்டு வந்த பிறகு சேர்ந்தவர், என்னைத் திரையில் மட்டுமே பார்த்தவர். சேகர் அப்படியா? எங்கள் வட்டத்தில் பொன்னாடை யாருக்குப் போடப்படும் என்று சேகருக்குத் தெரியும். அந்த விதியை உண்டாக்கியதே அவன்தான்.

2

ஷூ கம்பெனிகளுக்கு நூலும் பசையும் விற்கிற ஒரு கடையின் மாடியில்தான் வட்டம் கூடும். பசை வாடைக்குப் பயந்தே பாதிப் பேர் வர மாட்டார்கள். வந்தவர்களில் நிலைத்தவர்கள் கொஞ்சம் பேர். சேகர் மாதனூர்க்காரன், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் வரும்போதே பாதி நாவலை முடித்துவிடுவான். ஸ்டெல்லா டீச்சர் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், எல்லோரையும்விட வாய் நீளம். நான் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தேன்.

செலக்‌ஷன் என்றால், பதனிட்டு வந்த தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரிப்பது. உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தோல் அழகாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

இதை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்ல, சேகர் அதையே வட்டத்துக்குச் சட்டமாக்கிவிட்டான். ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் அந்தப் புத்தகத்தையும் பேசியவரையும் சேர்த்து மேசையில் விரித்துவிடுவோம். ஆளுக்கு ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். பாராட்டு கிடையாது. பாராட்டெல்லாம் வெளியூரிலிருந்து வரும் எழுத்தாளர்களுக்குத்தான்.

"வெளியாளுக்கு நிறை, நம்மாளுக்குக் குறை. அவ்ளோதான்பா ரூல்" என்பான் சேகர்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்தார். சாசர் வைத்த கோப்பையில் டீ கொடுத்தோம், பொன்னாடை போர்த்தினோம், ஆளுக்கு ஆள் புகழ்ந்தோம். சந்தோஷமாக பஸ் ஏறினார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் மாடிக்குத் திரும்பி, கடைக்காரர் ஷட்டரை இழுக்கிற வரைக்கும் அவருடைய நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். அவருக்கு அது தெரியவே தெரியாது. விருந்தாளியின் நிலைமை அதுதான்.

நான் அங்கே முதல் தடவை பேசி முடித்ததும் ஸ்டெல்லா டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கதையச் சொல்லிட்ட ஜமீல். சரி, புஸ்தகத்தப் பத்தி எப்பப் பேசப் போற?" என்றார். அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது, டீச்சர் என்னை உள்ளே சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று.

3

தொண்ணூறுகளின் நடுவில் இங்கே வந்தேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். தோல் இறக்குமதி செய்கிற ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலை. ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் வரும் கட்டுகளைப் பிரித்துத் தரம் பார்க்க வேண்டும். நான் வந்த வழியிலேயே தோலும் பின்னாடி வந்துகொண்டிருந்தது. அதற்கும் என்னைப் போலவே கட்டுக் கட்டாகக் காகிதம் வேண்டும். மொழித் தேர்வு மட்டும் கிடையாது.

வந்த புதிதில் ஒரு பழைய வீடியோ கேமரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவேன். ஜுபைதா கேமராவைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பெரிய கேசட்டில் பதிந்து ஆம்பூருக்குத் தபாலில் அனுப்புவேன். அங்கே வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, கடை மாடியில் எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என்னைத் திட்டி ஒரு கேசட் அனுப்புவார்கள்.

அந்தப் பதில் கேசட்டை எடுத்துக் கொடுத்தவர் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருக்குத் தெரிந்தபடிதான் எடுப்பார். பின்னணியில் நாதஸ்வரம். திரையில் பூ மழை. ஒரு இதய வடிவம் சுழன்றுகொண்டே வரும், அதற்குள் சேகரின் முகம். அந்த இதயத்துக்குள் இருந்தபடி, "ஜமீலு, நீ அந்த மூணாவது அத்தியாயத்தப் படிச்சியா, இல்ல தூங்கிட்டியா?" என்று கேட்பான்.

முதல் கேசட் வந்தபோது இங்குள்ள சுங்க அலுவலகம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. நேரில் வந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. போனேன்.

"இதில் என்ன இருக்கிறது?" என்றார் அதிகாரி.

"புத்தகங்களைப் பற்றிப் பேச்சு."

"விற்பனைக்கா?"

"இதை யார் வாங்குவார்கள்?" என்றேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவருக்கு அது ஏமாற்றுவேலையாகப் பட்டது. அடுத்த அறையிலிருந்த மெஷினில் கேசட்டைப் போட்டார். நாதஸ்வரம் ஒலித்தது, பூ விழுந்தது, இதயம் சுழன்று வந்தது.

"திருமணமா?"

"இல்லை."

அதற்குள் சேகர் மேசையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தான். ஸ்டெல்லா டீச்சர் கேமராவைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"சண்டையா?"

"இல்லை, இவர்கள் என் நண்பர்கள். நான் பேசிய பேச்சைக் குறை சொல்கிறார்கள்."

அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரி எதுவும் போடாமல் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். இந்த நாட்டு அரசாங்கம் என்மேல் காட்டிய முதல் இரக்கம் அது.

அந்த நாள்களில் எனக்கு ஊர் ஏக்கம் என்று எதுவும் பெரிதாக இல்லை. என்னைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் வாடகைக்கு டெக் எடுக்கிறது என்றால், நான் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறேன். நாற்காலி மட்டும்தான் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது, அவ்வளவே.

4

எப்போது மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கேசட் போய் சிடி வந்தது. சிடி போய், வீட்டிலிருந்தே இணையத்தில் ஏற்றினால் போதும் என்றானது. முன்பெல்லாம் கேசட் போய்ச் சேரவே வாரக்கணக்காகும், பதில் வர அதைவிட ஜாஸ்தி. இப்போது ஏற்றிய கையோடு பதில் வருகிறது. "அருமை சார்." "ஆழமான பார்வை." "தங்கள் தமிழ்ப் பணி தொடர்க."

முதலில் எனக்கும் இனித்தது. இல்லை என்றால் பொய். கொஞ்ச நாளில் திகட்டிவிட்டது.

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் ஓர் அம்மையாரை நான் 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தது போல என்னைப் பார்த்தார். இங்கே நீ என்பதைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது, யாராவது தர வேண்டும். எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் பல வருஷம் பக்கத்தில் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் கைகுலுக்கி, இனி நாம் ஒருவரையொருவர் நீ என்றே கூப்பிடலாம் என்று முறைப்படி சொன்னார். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்து ஊர் வீடியோவைத் திறந்தால், சேகர் மேடையில் நின்று, "நண்பர் ஜமீல் அவர்கள் குறிப்பிட்டது போல" என்று பேசிக்கொண்டிருக்கிறான். இங்கே எனக்குக் கிடைத்ததை அங்கே பிடுங்கிக்கொண்டார்கள்.

என் மகன் ஆரிஃப் இங்கேயே பிறந்தவன். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்கிறான். எங்கள் அறைக்குள் வர வேண்டுமென்றால் கதவைத் தட்டுகிறான். இந்த ஊர் வழக்கப்படி என்னை 'பாப்பா' என்று கூப்பிடுகிறான். அதைக் கேட்டு ஊரில் என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவன் நன்றி சொல்லும் ஒவ்வொரு முறையும் எங்கள் நடுவே ஒரு மேசையைப் போட்டது மாதிரி இருக்கிறது. பெற்றவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? நாங்கள் சொன்னோமா?

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது, அண்ணன் வெள்ளத்தில் போய்விடுவதாக வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். உண்மையில் அந்த அண்ணன் சாகவே இல்லை. கடைசி அத்தியாயமே அவனுடைய கல்யாணம்தான். அந்த நாவலை வட்டத்தில் எல்லோரும் படித்திருந்தார்கள். இதைக் கேட்டால் சேகர் மேசையை உடைப்பான் என்று காத்திருந்தேன். "அண்ணனின் மரணத்தைத் தாங்கள் விவரித்த விதம் கண்கலங்க வைத்தது" என்று பதில் வந்தது.

சேகருக்கு போன் போட்டேன்.

"அண்ணன் சாகலன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ தூரத்துல இருந்து பேசி அனுப்பற. லீவு நாளுல, வேல களைப்புல. அதுல போய்க் குறை சொன்னா நல்லா இருக்குமா, சொல்லு. புதுப் பசங்கல்லாம் வேற உன்மேல மரியாதையா இருக்காங்க."

"எனக்கு மரியாதை வேணாம், சேகர்."

"சரி விடு. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான்.

போனை வைத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. என் இடம் போய்விட்டது. யாரும் பிடுங்கவில்லை, கோபித்துக்கொண்டு துரத்தவுமில்லை. மரியாதை கொடுத்தே என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பொன்னாடை.

5

பொன்னாடைக்கு அடுத்த ஞாயிறு, இனிமேல் பேசுவதில்லை என்றே இருந்தேன். பழக்கதோஷம், உட்கார்ந்துவிட்டேன். ஜுபைதா வழக்கம்போல எதிரில் கேமராவோடு நின்றாள்.

அன்று எடுத்தது ஒரு புது நாவல். வளைகுடாவில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஒருவன் வீடு திரும்புகிறான். இடையில் வீட்டை அவன் சரியாகக் கவனிக்கவில்லை, மனைவி பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசிக் காட்சியில் அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல் அவனுக்குச் சோறு போடுகிறாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா, போதுமா?" என்று கேட்கிறாள். அதோடு நாவல் முடிகிறது.

"இந்த ஒரு கேள்வியில் அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறாள்" என்று உருக்கமாகச் சொல்லி, குரலைத் தாழ்த்தினேன்.

"மன்னிச்சுட்டாளா? யார் சொன்னது?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜுபைதாதான் பேசினாள். நான் திகைத்துப் போய்ப் பார்த்தேன். அவள் கேமராவை இறக்கவில்லை.

"வீட்டு ஆளப் பாத்து போதுமான்னு யாராவது கேப்பாங்களா? அவனுக்கு எவ்ளோ ரசம் வேணும்னு பொண்டாட்டிக்குத் தெரியாதா? கேக்காம ஊத்தணும். வேணாம்னு கையால மறைச்சாலும் ஊத்தணும். போதுமான்னு கேட்டா அவன் விருந்தாளி. அவ மன்னிக்கல. அவன வீட்டாளுங்க கணக்குலருந்து எடுத்துட்டா."

அந்தப் புத்தகத்தை நான் ஒருமுறைக்கு மேல் படித்திருந்தேன். ஊரிலிருந்து பார்சலில் வரும் புத்தகங்களை நான் வேலைக்குப் போன நேரத்தில் எனக்கு முன்னால் அவள் படித்து முடிப்பாள் என்று தெரியும். அவற்றைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரார் என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார்கள் என்று மாதக்கணக்கில் புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு, விருந்தாளியாகிப்போன ஒருவனின் கதை கையில் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. தரம் பிரிக்கிற கண்ணாம்!

"இத அழிச்சுட்டுத் திரும்ப எடுக்கலாம்" என்றேன்.

"எதுக்கு அழிக்கணும்? தப்பா சொன்னது நீங்க."

அப்போதுதான் கவனித்தேன். அவள் முதலிலிருந்தே தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் சொல்வதென்றால் உருதுவில் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் என் எதிரில் நின்று, நான் பேசியதையும் ஆம்பூர்க்காரர்கள் திட்டியதையும் ஒன்றுவிடாமல் கேட்டவள். இது அந்த மாடிக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் பேச்சில் ஒருவர் குறை கண்டுபிடித்திருக்கிறார். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

6

பிரவீனின் பாராட்டு வந்தது. அதைத் தவிர ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு சேகரிடமிருந்து ஒரு வீடியோ. மேடையில்லை, மைக்கில்லை. கடை மாடி. பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"இன்னாமா சொல்ற நீ?" என்று ஆரம்பித்தான் சேகர். அவன் கேட்டது என்னையல்ல. "அந்தப் பொண்ணு பயந்துனு கேக்கறா. இத்தினி வருஷம் கழிச்சி வந்தவன், இன்னா சாப்புடறான், எவ்ளோ சாப்புடறான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டாளு கணக்கு, விருந்தாளி கணக்குன்னு நீயா இட்டுக் கட்டற. புஸ்தகத்துல எங்கீது அது?"

"நீ சும்மா இரு சேகர்" என்றார் டீச்சர். "ஜுபைதா சொல்றதுதான் சரி. ஆனா பாதிதான் சரி. ஏம்மா, அவ அதுக்கு முந்தின பக்கத்துல அவன் தட்டக் கழுவி வைக்கிறாளே, அத நீ பாக்கலையா? அது வீட்டாளுக்குச் செய்யறதாச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

அதற்குமேல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்னால் பிரவீன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடிய அந்த வீடியோவில் என் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. பொறாமையாக இருந்ததா என்றால், இருந்தது.

ஜுபைதா புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். "டீச்சருக்கு பதில் சொல்லணும்" என்றாள். அடுத்த ஞாயிறு தலைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் நாற்காலியில், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். உட்காரட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை. கேமரா மேசைமேல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

தட்டுக் கழுவி வைத்ததும் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதைதான் என்று அவள் சாதித்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாண விருந்துகளிலிருந்து உதாரணம் சொன்னாள். நன்றாகப் பேசினாள். சில இடங்களில் நானே பேச்சைக் கேட்டுக் கேமராவை மறந்துவிட்டேன். மாலையில் அதை ஏற்றிக் கொடுத்தது ஆரிஃப். "பாப்பா, மாமா பேசுவது எனக்குப் புரிந்தது" என்று அவன் ஜெர்மனில் சொன்னான், ஏதோ வீட்டில் புதிதாக ஒரு அறையைக் கண்டுபிடித்தவன் போல. மாமா என்றால் இங்கே அம்மா.

போன வாரம் பதில் வந்தது. டீச்சர் பாதி ஒப்புக்கொண்டார். சேகர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்து கேமராவை அணைக்கப் போகிற நேரத்தில், சேகர் கையை நீட்டித் தடுத்துவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"டேய் ஜமீலு. கேமரா உங்கிட்டதானே இருந்துச்சு? அவங்க முக்கியமான பாயிண்ட் சொல்றாங்க, நீ ஜன்னலக் காட்டினு கீற. பாதி நேரம் நெத்திக்கு மேல வெட்டிட்ட. சவுண்டு வேற கம்மி. ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியல, இத்தினி வருஷமா அங்க இன்னாதான் கத்துக்கின? பேஜார் பண்ணாத, அடுத்த தபா ஒழுங்காப் புடி."

ஜுபைதா டீச்சர் பேசிய இடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். நான் கடைசிப் பகுதியையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

"திட்டறான், இல்ல?" என்று அவளைக் கேட்டேன்.

"நல்லாத் திட்டறாரு" என்றாள்.